காவேரிப்பாக்கம் ஏரி: ஆடிக் காற்றுக் குறிப்புகள்

ஜூலை 18

காலை ஆறு மணிக்குக் கரை ஏறினேன். ஏரி கண்ணாடி மாதிரி கிடந்தது. "எட்டு மணிக்குள்ள திரும்பிடணும்" என்றார் பெரியப்பா. ராத்திரி குளிர்ந்த காற்று தரையோடு படுத்திருக்கும். வெயில் ஏறித் தரை சுட்டதும், மேலே ஓடும் மேற்குக் காற்று கீழே இறங்கிவிடும். வலையை எடுத்துக்கொண்டு 7.40-க்கே வந்துவிட்டோம். ஜிலேபி மீன் ஆறு கிலோ.

ஜூலை 20

தப்பு என்னுடையதுதான். பெரியப்பா வரவில்லை, பத்து மணிக்கு மேற்கு ஓரத்திலிருந்து தனியாகப் பரிசலைத் தள்ளினேன். அங்கே சீமைக்கருவேலம் காற்றை மறைத்துக்கொண்டு நிற்கிறது, தண்ணீரில் சுருக்கம்கூட இல்லை. கொஞ்ச தூரம் போனதும் முதுகில் காற்று அறைந்தது. எதிரே நுரை வெள்ளை வெள்ளையாக உடைந்தது. திருப்பப் பார்த்தால் ஃபைபர் பரிசல் தட்டாமாலை சுற்றியது. துடுப்பு போட்டுப் போட்டுத் தோள் விட்டுப்போய், கடைசியில் காற்றின் போக்கிலேயே விட்டேன். கிழக்குக் கரைக் கல்லில் மோதி நின்றது. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தேன், அதுவரை சரி. பைக் நின்றது மேற்கே! வெயிலில் ஏரியைச் சுற்றி நடந்தேன். பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் கொஞ்சம் சின்னதாக வெட்டியிருக்கலாம்.

ஜூலை 21

தோள்வலி. படுத்தபடி, தண்ணீரைப் பார்த்துக் காற்றின் வேகத்தைக் கணிக்கும் போஃபோர்ட் அளவுகோலைப் படித்தேன். 1805-இல் பிரிட்டிஷ் கடற்படைக்காரர் ஒருவர் வகுத்தது. மணிக்கு 12 முதல் 19 கி.மீ. என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாக நுரை. 20 தாண்டினால் பரவலாக. காற்று இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்கு. நேற்று கைபேசி 16 என்றது. அது சராசரிதான், திடீரென்று அடிக்கும் வீச்சின் வேகம் தனி வரியில் இருந்தது, நான் பார்க்கவில்லை. பெரியப்பாவிடம் சொன்னேன். "கரைல நின்னு நடு ஏரியப் பாக்காம, ஃபோனப் பாத்துட்டுப் போனியா?" என்றார்.

ஜூலை 24

சாயங்காலம் மேற்கே கருமேகம். காற்று சட்டென்று நின்றது. இறங்கலாமா என்று நான் பார்க்கும்போதே பெரியப்பா பரிசலைக் கவிழ்த்து மேலே இரண்டு கல் வைத்தார். தூரத்தில் தண்ணீர் பட்டையாகக் கறுத்து எங்களை நோக்கி வந்தது. மழைக்கு முன்னால் ஒரு குளிர்ந்த அடி. அவ்வளவுதான், கல்லையும் தள்ளிவிட்டுப் பரிசல் கரைக்குக் கீழே நெல் வயலில் போய் விழுந்தது. காலையில் வயல்காரர் வருவதற்குள் தூக்கிவிட வேண்டும்.