பனியில் ஓடிய குருடனும் குளம்பில் அடைத்த வெண்ணெயும்

இங்கிலாந்தில் லிவர்பூல் பக்கம் ஏன்ட்ரீ மைதானத்தில் நடக்கும் கிராண்ட் நேஷனல் என்ற தடை தாண்டும் குதிரைப் பந்தயத்தின் பழைய கதைகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது 1901-ம் வருடத்து ஓட்டம்தான். ஜெயித்த குதிரை பெயர் குருடன் (Grudon). தமிழில் எழுதினால் அர்த்தம் வேறு மாதிரி வந்துவிடும், ஆனால் அதற்குக் கண்ணில் ஒரு குறையும் கிடையாது.

மார்ச் மாதக் கடைசி. அன்று அங்கே அடித்தது பனிப்புயல். மைதானம் முழுக்க வெள்ளை, அடுத்த தடை எங்கே இருக்கிறது என்றே சரியாகத் தெரியாத நிலை. ஜாக்கிகள், அதாவது குதிரை ஓட்டுபவர்கள், எல்லாரும் சேர்ந்து பந்தயத்தைத் தள்ளிவைக்கச் சொல்லி நடத்துபவர்களிடம் கேட்டார்கள், அவர்கள் மறுத்துவிட்டார்கள். அந்த முடிவு தவறு என்றுதான் இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது. கிட்டத்தட்ட நாலரை மைல், இரண்டு சுற்று, மொத்தம் 30 தடைகள், அதிலும் 1839-ல் கேப்டன் பீச்சர் என்ற ஜாக்கி விழுந்து தன் பெயரையே விட்டுப்போன அந்த ஓடையை இரண்டு முறை தாண்ட வேண்டும். நல்ல வெயில் நாளிலேயே குதிரைகள் விழும் இடம் அது.

பனியில் குதிரைக்கு உண்மையான ஆபத்து வழுக்கல் மட்டும் இல்லை. குளம்பின் அடிப்பக்கம் குழிவாக இருக்கும், சுற்றிலும் இரும்பு லாடம். ஈரப்பனி அந்தக் குழியில் புகுந்து, மிதிக்க மிதிக்க இறுகி, கல் உருண்டை மாதிரி ஆகிவிடும். அப்புறம் குதிரை தரையில் நிற்கவில்லை, நான்கு உருண்டைகள் மேல் நிற்கிறது. அந்தக் காலோடு ஓடி வந்து, எம்பித் தாண்டி, மறுபக்கம் இறங்க வேண்டும் என்றால் யோசித்துப் பாருங்கள்.

குருடனின் உரிமையாளரான பெர்னார்ட் பிளெட்சோ செய்தது எளிய காரியம். நான்கு குளம்புகளிலும் வெண்ணெயை அடைத்து அனுப்பினார். கொழுப்பு இருக்கிற இடத்தில் பனி ஒட்டாது, ஒட்டினாலும் வழுக்கி விழுந்துவிடும். மேலே உட்கார்ந்திருந்தவர் ஆர்தர் நைட்டிங்கால். 1890-ல் ஐலெக்ஸ், 1894-ல் வை நாட் என்று ஏற்கெனவே இரண்டு முறை இதே பந்தயத்தை ஜெயித்தவர். குருடன் நான்கு குதிரை நீள வித்தியாசத்தில் முதலாவதாக வந்தது, நைட்டிங்காலுக்கு அது மூன்றாவது வெற்றி.

இதை வெறும் வெண்ணெய் தந்த வெற்றி என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். வெண்ணெய் செய்தது ஒன்றே ஒன்றுதான், குதிரையின் பாதம் தரையில் சமமாகப் பட வழி செய்தது. 30 தடைகளையும் தாண்டியது குருடனின் கால்கள், அந்த வெள்ளைக்குள் வழி பார்த்து ஓட்டியது நைட்டிங்கால். அதோடு தோற்ற குதிரையும் சாதாரணமானது இல்லை. அன்று இரண்டாவதாக வந்த டிரம்கிரீ, 1903-ல் அதே மைதானத்தில் கிராண்ட் நேஷனலை ஜெயித்தது.