மறுபடி ஓட்டினாலும் அதே பெயர்

“தற்செயலாக வந்த பெயர் என்கிறீர்கள். சரி தம்பி, இன்னொரு முறை ஓட்டிக் காட்டுங்கள். வேறு பெயர் வந்தால் நம்புகிறேன்.”

பால் சங்கச் செயலாளர் கேட்டதில் பிழையே இல்லை. அவர் நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பேன். மென்பொருளைச் சோதிக்கப் போலி உறுப்பினர் பெயர்களைத் தற்செயலாக உண்டாக்கும் எங்கள் நிரலை மறுபடி ஓட்டினேன். அதே பெயர் வந்தது. அதே இனிஷியல், அதே ஊர், எதிரே அதே தீவன பாக்கி. வராமல் எப்படி இருக்கும்? அப்படி வர வேண்டும் என்றுதானே எழுதி வைத்திருந்தோம்.

அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் மாடு வைத்திருந்து, அண்மையில் விற்றுவிட்ட ஒரு பெண்மணியுடையது அது. தீவனம் வாங்கிய வகையில் அவர் தர வேண்டிய தொகையைப் பற்றி நிர்வாகக் குழுவுக்குள் பேச்சு நடந்திருக்கிறது. வெளியே யாருக்கும் தெரியாது. அப்படியிருக்க, கஞ்சிக்கோட்டிலிருந்து வந்த ஒருவன் பால் பணப் பட்டுவாடா மென்பொருளை விளக்குவதற்காக அச்சடித்த மாதிரிச் சீட்டில் அவர் பெயர் இருக்கிறது, பாக்கியும் இருக்கிறது. தொகை வேறு என்று நான் சுட்டிக் காட்டினேன். தொகையை மட்டும் மாற்றிவிட்டீர்களா என்று செயலாளர் கேட்டார்.

இதில் என் நிலையை இன்னும் கெடுத்தது நான் முன்பு காட்டிய நேர்மை. வேலை தொடங்கியபோது, உறுப்பினர் பதிவேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள், எதற்குப் பொய்ப் பெயர்களை உண்டாக்கிக் கஷ்டப்படுகிறீர்கள் என்று அவரே சொன்னார். மறுத்தவன் நான். ஊரார் வங்கிக் கணக்கும் கைபேசி எண்ணும் எங்கள் கணினிகளில் கிடக்க வேண்டாம் என்ற எண்ணம் ஒருபுறம், 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மறுபுறம். பெரிய மனிதன்போல மறுத்துவிட்டுப் பின்வாசல் வழியாக எடுத்துப் போனவனாகத்தான் அவர் கண்ணுக்குத் தெரிந்திருப்பேன்.

விளக்காமல் இல்லை. கணினி தானாக எதையும் குலுக்கிப் போடுவதில்லை. ஒரு விதை எண்ணைக் கொடுத்தால் அதிலிருந்து கணக்குப் போட்டு அடுத்தடுத்து எண்களைத் தருகிறது. பார்வைக்கு ஒழுங்கே தெரியாது, ஆனால் விதை எண் மாறாதவரை வரிசையும் மாறாது என்றேன். பைதான் நிரல்மொழிக்குள் இருக்கும் மெர்சென் ட்விஸ்டர் என்ற எண் உருவாக்கும் முறை பற்றியும் சொன்னேன். மட்சுமோட்டோவும் நிஷிமுராவும் 1998இல் வெளியிட்டது. 2இன் 19937ஆம் அடுக்கில் ஒன்று குறைவு, அத்தனை எண்களைக் கடந்த பிறகுதான் வரிசை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒரு பால் சங்க அலுவலகத்தில், மாலைப் பால் வந்து இறங்கும் நேரத்தில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “குலுக்கல் சீட்டு நடத்துகிறவன் ஒவ்வொரு முறையும் ஒரே பெயரை எடுத்தால், ஊரில் அதைத் தற்செயல் என்று சொல்வதில்லை.”

அவ்வளவு பெரிய வரிசையில் எங்கள் ஊர்க்காரர் பெயர் எப்படி வந்து விழுந்தது என்றும் கேட்டார். பதில் இருந்தது, அன்று நாக்கில் வரவில்லை. வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் அது பெயர்களை எடுப்பது எங்கள் சிறிய பட்டியலிலிருந்துதான். 60 பெயர்கள், 20 இனிஷியல்கள், வேலந்தாவளம், எருத்தேம்பதி, வடகரப்பதி, ஒழலப்பதி என்று 12 ஊர்கள். பெருக்கினால் 14,400 சேர்க்கைகள். நாங்கள் உருவாக்கிய போலி உறுப்பினர்கள் 300, சங்கத்தின் உண்மையான உறுப்பினர்கள் ஏறத்தாழ 400. எல்லாப் பெயர்களும் எங்கள் பட்டியலில் அடங்குபவை என்று கொண்டால் எட்டுப் பொருத்தங்கள்வரை எதிர்பார்க்கலாம். பாதிக்குப் பாதி அடங்காவிட்டாலும் சில விழத்தான் செய்யும். ஒன்றுகூடப் பொருந்தாமல் போயிருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

பட்டியலை ஏன் அவ்வளவு உள்ளூர்த்தனமாக வைத்தாய் என்று கேட்கலாம். போலித் தரவு உண்டாக்கும் ஃபேக்கர் என்ற நிரல்தொகுப்பில் ஆயத்தத் தமிழ்ப் பெயர்கள் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு எங்கள் மென்பொருளைச் சோதித்தால் எல்லாம் சரியாகவே ஓடும், அதுதான் தொல்லை. இங்கே தமிழ்ப் பெயருக்கு முன்னால் மலையாள வீட்டுப் பெயர் நிற்கும். இனிஷியல் ஒருவருக்கு முன்னால், இன்னொருவருக்குப் பின்னால். போதாததற்கு ‘கொ’ என்ற எழுத்தின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்று, தேடலுக்கு வேறு வேறு. அந்தப் பிழை அகப்பட்டது உள்ளூர்ப் பெயர்களால்தான்.

விதை எண்ணை மாற்றாமல் வைத்திருந்ததற்கும் காரணம் உண்டு. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்: காரணமே அந்தப் பெயர்தான். பாக்கி பால் பணத்தைவிட அதிகமானால் பட்டுவாடாத் தொகை கழித்தல் குறியோடு வர வேண்டும். நாங்கள் கையால் எழுதிய சோதனைகளில் -500.00 போன்ற தொகைகளே இருந்தன, ஏழு எழுத்துகள். அச்சுச் சீட்டில் தொகைக்கு ஒதுக்கிய இடமும் ஏழு எழுத்துகள். ஒருநாள் இந்த விதை எண் அந்தப் போலி உறுப்பினருக்கு -1240.50 என்று கொடுத்தது. எட்டு எழுத்துகள். இடம் போதாமல் முதல் எழுத்து வெட்டுப்பட்டு, சீட்டில் 1240.50 என்று அச்சானது. சங்கத்துக்குக் கடன்பட்டவருக்குச் சங்கமே பணம் தர வேண்டும் என்று சீட்டு சொல்லிற்று. அப்படிப் பிழை காட்டிய விதையை யார் தூக்கிப் போடுவார்கள்? திருத்திய பின்னும் அதையே வைத்து ஓட்டினோம், பிழை மறுபடி தலைகாட்டினால் தெரிய வேண்டுமே. விளக்கத்துக்கும் அதையே கொண்டு போனேன். கழித்தல் குறி சரியாக விழுவதைக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை.

ஆக, எல்லாவற்றுக்கும் நியாயம் இருக்கிறது. எனக்கு நெருடுவது அதற்கு அடுத்து நடந்தது. வாயால் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்ததும், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விதை எண்ணை மாற்றி ஓட்டினேன். புதிய 300 பேர் வந்தார்கள். அந்தப் பெண்மணி போய்விட்டார். என் கட்சியை இதைவிடத் தெளிவாக நிறுவ முடியாது என்று நினைத்தேன். செயலாளர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இப்போது மாற்றத் தெரிகிறதே.”

மாற்றாமல் இருந்திருக்கலாமா? மாற்றாவிட்டால் மறைக்கிறேன் என்றாகும். மாற்றியதால், வேண்டிய பெயரை வரவழைக்கத் தெரிந்தவன் என்றாகிவிட்டது. பதிவேட்டைத் திறந்து, பொருந்தும் மற்ற பெயர்களையும் நீங்களே தேடிப் பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம் என்று சில நாள் தோன்றுகிறது. ஆனால் தேடி எட்டுப் பெயர்கள் கிடைத்திருந்தால்? எனக்கு அது சான்று, அவருக்கு அது எட்டு மடங்கு திருட்டு. மென்பொருளை அவர் ஏற்றுக்கொண்டார், கையெழுத்தும் போட்டார். அதன் பிறகு என்னைச் ‘சார்’ என்றுதான் கூப்பிடுகிறார்.

எங்கள் குழுவில் இருக்கும் இளம் பெண் எருத்தேம்பதிக்காரி. அவள் கேட்டது நேரடியானது: “போலி, போலியாகவே தெரிந்தால் என்ன அண்ணா?” மின்னஞ்சலுக்கு எக்ஸாம்பிள்.காம் என்ற முகவரியை 1999இலேயே சோதனைக்கும் எடுத்துக்காட்டுக்கும் என்று ஒதுக்கிவிட்டார்கள். அமெரிக்காவில் கற்பனைத் தேவைக்கென்றே 555-0100 முதல் 555-0199 வரை தொலைபேசி எண்கள் உண்டு. மனிதர் பெயரில் அப்படி யாருக்கும் சொந்தமில்லாத ஒன்றை எங்கே தேடுவது? ‘சோதனை உறுப்பினர் 17’ என்று வைத்தால் ‘கொ’ பிழை அகப்படாது என்றேன். அப்படியானால் சோதனைக்கு ஒரு பட்டியல், வெளியே காட்ட ஒன்று என்றாள். சரியான யோசனைதான். ஆனால் கழித்தல் குறியை நான் காட்ட விரும்பியது உண்மைபோல் தெரியும் ஒரு சீட்டில்தான். அந்த ஆசையை இன்னும் தவறென்று சொல்ல மனம் வரவில்லை.

அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கினேன். 60 என்பது 59 ஆனதும், அதே விதை எண்ணிலிருந்து வந்தவர்கள் வேறு ஆட்கள், -1240.50 காணாமல் போயிற்று. கடைசியில் அந்தத் தொகையைத் தனிச் சோதனையாகக் கையாலேயே எழுத வேண்டியதாயிற்று.

இப்போது மீனாட்சிபுரம் பக்கத்தில் இன்னொரு சங்கம் கேட்டிருக்கிறது. மாதிரிப் பட்டியலில் தங்கள் உறுப்பினர் எவர் பெயரும் இல்லை என்று எழுத்தில் உறுதி தர வேண்டுமாம். செய்தி போயிருக்கிறது போலும். அப்படி உறுதி தர, அவர்கள் பதிவேடு என் கையில் இருக்க வேண்டும். ஒப்பிடும் நிரலை அவர்கள் கணினியிலேயே அவர்களே ஓட்டட்டும், நாம் பதிவேட்டைப் பார்க்கவே வேண்டாம் என்கிறாள் அவள். பொருந்தும் பெயர்களை நிரல் அவர்கள் திரையில் வரிசையாகக் காட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து விளக்கப் போவது யார் என்று கேட்டேன். அவர்களுக்கு இன்னும் பதில் எழுதவில்லை.