சின்னரி வரைந்த மக்காவ் தெருக்களை அசல் தாளில் பார்த்தேன்

ஜார்ஜ் சின்னரி என்ற ஆங்கிலேய ஓவியரை மதராஸ் வரலாறு படிப்பவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். 1802-இல் மதராஸில் வந்திறங்கி, சில வருடம் அங்கே வரைந்தார். அப்புறம் கல்கத்தா. அங்கே கடன் கழுத்தை நெரிக்க, 1825-இல் தென்சீனக் கடற்கரையில் போர்த்துகீசியர் வசமிருந்த மக்காவ் நகரத்துக்குக் கிளம்பியவர் 1852-இல் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார். அவருடைய மக்காவ் தெருக்காட்சிகளை அசலில் பார்க்கும் ஆசை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் நிறைவேறியது. இதற்கு ஆராய்ச்சியாளராக இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை.

வெளிச்சம் பட்டால் காகிதம் கெடும் என்பதால் இந்தத் தாள்களைப் பெரும்பாலும் பெட்டிகளில்தான் வைத்திருக்கிறார்கள். பார்க்க விரும்புபவர்களுக்குத் தனிப் படிப்பறை உண்டு. மியூசியத்தின் இணையத் தொகுப்பில் ஓவியர் பெயரைத் தேடி, வேண்டிய தாள்களின் பதிவெண்களைக் குறித்துக்கொண்டு, முன்கூட்டியே மின்னஞ்சல் எழுதி நேரம் வாங்க வேண்டும். எண்களோடு கேட்டால் வேலை சுலபம். போகும்போது புகைப்பட அடையாள அட்டை அவசியம். குறிப்பெடுக்கப் பென்சில் மட்டும்தான்.

வில்லியம் அலெக்சாந்தரின் படங்களையும் சேர்த்துக் கேட்டிருந்தேன். 1792-இல் பிரிட்டன் அனுப்பிய மெக்கார்ட்னி தூதுக்குழுவோடு சீனாவுக்குப் புறப்பட்டவர். பிற்பாடு இதே மியூசியத்தில் அச்சுப்படங்களுக்கும் ஓவியங்களுக்கும் பொறுப்பாளராக இருந்தவர். 1805-இல் அச்சான அவருடைய வண்ணப்படங்கள் அழகானவை. ஆனால் பெரும்பாலும் ஒரு படத்துக்கு ஓர் ஆள், ஒரு தொழில் என்று தெருவிலிருந்து ஆட்களைப் பிரித்து நிறுத்தியிருக்கும். சின்னரியிடம் தெரு அப்படியே இருக்கிறது. குந்தி உட்கார்ந்து சூதாடுபவர்கள், அவர்கள் தோளுக்கு மேல் எட்டிப்பார்ப்பவர்கள், பக்கத்திலேயே பன்றி.

நான் அதிக நேரம் பார்த்தது தெரு முடிதிருத்துபவரைத்தான். தோளில் சுமந்து வந்த தண்டை இறக்கிவைத்திருக்கிறார். அதன் ஒரு முனையில் வாடிக்கையாளர் உட்கார முக்காலி, மறுமுனையில் வெந்நீர்ப் பாத்திரம். முன்தலையை மழிக்கக் குனிந்திருப்பவரின் முதுகு வளைவைச் சின்னரி முதலில் பென்சிலில் தேடி, அப்புறம் பழுப்பு மையால் ஒரே இழுப்பில் உறுதிசெய்திருக்கிறார். மைக்கு அடியில் கைவிட்ட பென்சில் கோடுகள் இன்னும் தெரிகின்றன. இது அச்சுப் பிரதியில் கிடைக்கவே கிடைக்காது.

தாள்களின் ஓரத்தில் புழு நெளிவதுபோலச் சில குறிகள் இருக்கும், அவற்றைத் தவறவிடாதீர்கள். அவை கர்னி என்ற ஆங்கிலேயர் வகுத்த முறையிலான சுருக்கெழுத்து. உருவம் சரியாக வந்ததா, எதைத் திருத்த வேண்டும் என்று சின்னரி தனக்கே எழுதிக்கொண்டவை. ஆய்வாளர்கள் அவற்றைப் படித்துவிட்டார்கள், ஆகவே போகுமுன் அந்தத் தாளின் இணையப் பதிவில் விளக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். லண்டன் தூரம் என்பவர்களுக்கு, மக்காவ் கலை அருங்காட்சியகத்திலும் சின்னரியின் படங்கள் இருக்கின்றன.