மெழுகுக் கட்டியைத் தொலைத்துவிடாதீர்கள்

காவேரிப்பட்டணத்தில் எங்கள் பெரியப்பாவுக்கு மூளைக்கட்டி மறுபடியும் தலைகாட்டியிருக்கிறது. "பழைய ரிப்போர்ட்தான் இருக்கிறதே, இன்னொரு பயாப்ஸி (திசுவை எடுத்துப் பார்க்கும் சோதனை) எதற்கு?" என்று வீட்டில் கேட்கிறார்கள். அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

அவருக்கு வந்திருக்கும் கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுக்கட்டி திரும்பி வரும்போது பெரும்பாலும் பழைய கட்டியாகவே வருவதில்லை. டெமோசோலமைடு என்ற புற்றுநோய் மாத்திரைக்குத் தப்பிய செல்கள், சிலருக்கு, டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் எம்எஸ்எச்6 போன்ற மரபணு பழுதாகி, ஆயிரக்கணக்கான புதிய மாற்றங்களோடு பெருகுகின்றன. அதன்பிறகு அதே மாத்திரை பலிப்பது கடினம்.

எம்ஆர்ஐயில் ஒளிரும் திட்டெல்லாம் கட்டியும் அல்ல; கதிர்வீச்சில் மடிந்த திசுவும் அப்படித்தான் தெரியும். டிஃப்யூஷன் எம்ஆர்ஐ நீர் மூலக்கூறுகளின் நகர்வை அளக்கிறது. செல்கள் நெருக்கியடித்துக் கிடந்தால் நகர்வு குறையும். அதுவும் ஒரு குறிப்புதான். உறுதியாகச் சொல்வது திசு. கேஐ-67 சோதனை, பெருகும் செல்கள் எத்தனை விழுக்காடு என்று காட்டிவிடும். எல்லோருக்கும் மறு அறுவை முடியாது, அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

முதல் அறுவையில் எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பாரஃபின் கட்டியைக் கேட்டு வாங்கினேன். கட்டைவிரல் அகல மெழுகு, நடுவே பழுப்பாகத் துளித் திசு. பழையதையும் புதியதையும் ஒப்பிட்டால்தானே மாறியது என்னவென்று புரியும்? சிகிச்சைக்குப் பெங்களூருக்குப் போகிறவர்கள் ஃபைலோடு இதையும் எடுத்துச் செல்லுங்கள். வெயிலில் நிற்கும் காரில் மட்டும் வைக்காதீர்கள். சூட்டில் மெழுகு இளகும்.