கையொப்பமிட்ட அந்த ஒரு தாள்

டிரைபாயின்ட், அதாவது செப்புத் தகட்டில் கூரான ஊசியால் நேரடியாகக் கீறி வரைந்து அச்சிடும் முறையில், ஓவியரும் தலைமை அச்சாளரும் முதலில் பேசித் தீர்க்க வேண்டியது எத்தனை பிரதி என்பதைத்தான். டிரைபாயின்ட் தகட்டில் கோட்டோரம் எழும்பி நிற்கும் செப்புப் பிசிறுதான் அந்த வெல்வெட் கருமையைத் தருகிறது. அச்சு உருளை அழுத்த அழுத்த அது நசுங்கும். 50 பிரதி வேண்டுமென்றால் தகட்டுக்கு இரும்பு முலாம் பூசியாக வேண்டும். இல்லாவிட்டால் பாதி வழியிலேயே கோடு வெளுத்துவிடும்.

அடுத்து சோதனைத் தாள்கள். தகட்டில் பூசிய மையைக் கோடுகளில் மட்டும் தங்கும்படி துடைப்பதில்தான் அச்சாளரின் கை தெரியும். துணியோடு நிறுத்தினால் மெல்லிய மைப்படலம் தங்கும். உள்ளங்கையாலும் துடைத்தால் வெள்ளைப் பகுதி பளிச்சென்று வரும். "இன்னும் கொஞ்சம் இருட்டு" என்று ஓவியர் சொல்வது போதாது. எந்த மூலையில் என்று சோதனைத் தாளிலேயே பென்சிலால் குறித்துக்கொடுங்கள். தாளின் ஈரமும் முக்கியம்: மேலே நீர் மினுங்கினால் மை சரியாக ஏறாது, காய்ந்திருந்தால் ஆழமான கோடுகளில் வெள்ளை விழும்.

நிறைவான தாளில் ஓவியர் 'போன் ஆ திரே' என்று எழுதிக் கையொப்பமிடுவார். அச்சிடலாம் என்பதற்கான பிரெஞ்சு ஒப்புதல் அது. மற்றப் பிரதிகள் அதோடு ஒப்பிடப்படும், ஒத்துவராதவை கிழிக்கப்படும். அந்தத் தாள் வழக்கமாக அச்சாளருக்கே போய்ச் சேரும். அதுதான் நியாயமும்கூட.