என்ன போட்டீங்க?

கவுண்டரில் கூடையை வைக்கும் முன்பே விஷயம் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. கோடாலித் தைலம். தலைவலி, தடுமன், வயிற்றுப் பொருமல் என்று நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் மணக்கும் அதே வாசனை பூனைக் கூடைக்குள்ளிருந்து வந்தது.

"என்ன ஆச்சு ஆயா?"

"காதுக்குப் பின்னால கீறிக்கிச்சும்மா. ஜன்னல் கண்ணாடி பட்டிருச்சு போல."

"ஏதாவது மருந்து போட்டீங்களா?"

"இல்லையே. சும்மா தண்ணியில தொடச்சேன், அவ்வளவுதான்."

தப்பு என்மேல்தான். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இந்தப் பிராணி கிளினிக்கில் பதினோரு வருசமாக வேலை பார்க்கிறேன். "ஏதாவது போட்டீங்களா" என்றால் "இல்லை" என்றுதான் பதில் வரும் என்று எனக்குத் தெரியாதா? "என்ன போட்டீங்க" என்று கேட்க வேண்டும். அதையும் முகத்தைப் பார்க்காமல், கூடையின் கொக்கியைக் கழற்றிக்கொண்டே கேட்க வேண்டும். இரண்டாவது தடவை அப்படிக் கேட்டேன்.

"தைலம், கொஞ்சூண்டு. காதுக்குப் பின்னாலதானே, அதுக்கு நாக்கு எட்டாதுன்னு..."

நாக்கு எட்டாதுதான். ஆனால் பூனை முன்னங்காலால் காதைத் துடைக்கும், அப்புறம் அந்தக் காலை நக்கும். கூடைக்குள் இருந்த பூனையின் தாடையெல்லாம் எச்சில் நூல் நூலாக வழிந்துகொண்டிருந்தது. காயமோ ஒரு அரிசி நீளம்.

இங்கே வரும் சின்னக் காயங்களில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான். காயம் தானாக ஆறிவிடும். அதன்மேல் போட்டதுதான் எங்களுக்கு வேலை வைக்கும்.

யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அப்பா தோட்டத்து டிரஸராக, அதாவது காயத்துக்கு மருந்து போட்டுக் கட்டுகிறவராக இருந்தவர். மேசைமேல் மூன்று பாட்டில்: சிவப்பு, மஞ்சள், ஊதா. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தி பட்டாலும், செம்பனை முள் ஏறினாலும், பிள்ளைகள் வடிகாலில் விழுந்து முட்டி பேர்ந்தாலும் அந்த மூன்றில் ஒன்று. ஆட்களுக்கு அதில் பெரிய கெடுதல் இல்லை, நாம் முட்டியை நக்குவதில்லை. பூனைக்குத் தோலில் போட்டது வாயில் போட்டதற்குச் சமம். அந்தக் காலத்துச் சிவப்பு மருந்தில் பாதரசம் இருந்தது. கோடாலித் தைலத்தில் மெந்தாலும் மெத்தில் சாலிசிலேட்டும். தண்ணீரில் ஊற்றினால் பால் மாதிரி வெளுக்கிற கிருமிநாசினி இருக்கிறதே, அது பீனால் வகை. பாதரசம் தவிர மற்றதையெல்லாம் உடைத்து வெளியேற்றும் நொதி பூனையின் கல்லீரலில் மிகவும் குறைவு. பனடோலும், அதாவது பாராசிட்டமால் மாத்திரையும், இதே காரணத்தால்தான் ஆகாது. "வலிக்குமேன்னு ஒரு மாத்திரை கொடுத்தேன்" என்று யாராவது சொன்னால் டாக்டர் அப்போது கையில் உள்ள வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவார். ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை பூனையைக் கொல்லப் போதும். ஈறு காப்பித்தூள் நிறத்துக்கு மாறியபின் வந்தால் நாங்கள் நேரத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

சரி, அப்படியென்றால் என்னதான் போடுவது? உப்புத் தண்ணீர். இதைச் சொன்னால் ஆட்களின் முகம் விழுந்துவிடும், இதற்கா கிளினிக்குக்கு வந்தோம் என்று. கொதித்து ஆறிய தண்ணீர் 500 மில்லிலிட்டருக்கு வழித்தெடுத்த ஒரு தேக்கரண்டி உப்பு. அதைச் சிரிஞ்சில் எடுத்து மெல்லப் பீய்ச்சிக் கழுவி, காஸ் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். பஞ்சு வேண்டாம், நார் காயத்தில் ஒட்டிக்கொள்ளும். ரத்தம் வந்தால் துணியை வைத்து ஐந்து நிமிடம் அழுத்த வேண்டும், இடையில் தூக்கித் தூக்கிப் பார்க்கக் கூடாது. போவிடோன் அயோடின் வீட்டில் இருந்தால் தண்ணீர் கலந்து, கடையில் கிடைக்கும் தே-ஓவைவிட (பால் சேர்க்காத தேநீர்) வெளிறிய நிறத்துக்குக் கொண்டுவந்து தொடலாம். அதுவும் நக்க முடியாதபடி கழுத்தில் கூம்பு மாட்டியிருந்தால்தான். கூம்பு மாட்டினால் பூனை பாவமாகப் பார்க்கும். பார்க்கட்டும், அந்தச் சொரசொரப்பு நாக்குக்கு ஒரு ராத்திரி போதும், சின்னக் கீறலை ஐம்பது காசு அகலத்துக்கு ஆக்கிவிடும்.

தீபாவளிக்கு முந்தின வாரம் இன்னொரு வகைக் காயம் வரும். கத்தரிக்கோல் காயம். வீட்டைச் சுத்தம் செய்கிற சூட்டில் பெர்சியன் பூனையின் சிக்கு விழுந்த ரோமத்தையும் வெட்டிவிடலாம் என்று உட்காருவார்கள். சிக்கைப் பிடித்து இழுத்தால் அதோடு தோலும் கூடாரம் மாதிரி எழும்பி வரும். பூனையின் தோல் அவ்வளவு மெல்லிசு, அவ்வளவு தளர்வு. வெட்டுகிறவருக்கு ரோமம் எங்கே முடிகிறது, தோல் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது. நறுக் என்று ஒரு சத்தம். ரத்தம் பெரும்பாலும் வராது, பூனையும் கத்தாது. சிக்கு கையோடு வந்துவிடும். அடியில் வாய் பிளந்த மாதிரி ஒரு கிழிசல், உள்ளே ரோஜா நிறத்தில் தசை பளபளக்கும். ஒருமுறை பெரிய ஆள் ஒருவர், லாரி ஓட்டுகிறவர், அந்தச் சிக்கை டிஷ்யூவில் மடித்துக் கையோடு கொண்டு வந்தார், திரும்ப ஒட்டித் தருவோம் என்று நினைத்தாரோ என்னவோ. இதெல்லாம் தையல் கேஸ். காயத்தைச் சுற்றி ரோமம் எடுக்க நாங்களே கத்தரிக்கோலைத் தொடுவதில்லை. காயத்தில் ஜெல் தடவி, வெட்டுகிற ரோமம் அதிலே ஒட்டும்படி செய்து, மிஷின்தான் ஓட்டுவோம்.

நான் ஏமாந்த கதையையும் சொல்ல வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு பூனை, சண்டை. கழுத்தோரம் ஊசிக் குத்து மாதிரி ஒரு புள்ளி, ரத்தம்கூட இல்லை. டாக்டர் வெளியே போயிருந்தார். "சின்னதுதான்கா, கழுவிட்டேன், போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டேன். நான்காம் நாள் அந்தப் பூனை எலுமிச்சம்பழ அளவு வீக்கத்தோடும் 40 டிகிரி காய்ச்சலோடும் வந்தது. பூனைக்குச் சாதாரணச் சூடே 38க்கும் 39.2க்கும் நடுவில் இருக்கும். பல்லில் இருக்கும் கிருமி ஆழமாக இறங்கிவிடும், மேல்தோல் மறுநாளே மூடிக்கொள்ளும், சீழ் உள்ளேயே கட்டும். நீளமான கீறலைவிட இந்தப் புள்ளிதான் ஆபத்து. டாக்டர் திட்டவில்லை. வீக்கத்தைக் கீறும்போது கிண்ணத்தை என் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். அந்த நாற்றம் இன்னும் மறக்கவில்லை.

இன்னொன்று, "வெளியவே போகாதுங்க" என்ற பேச்சு. நம் ஊர்த் தாமான் (குடியிருப்பு) வீடுகளில் வீட்டுப் பூனை என்றால் ராத்திரி பின்வாசல் வடிகால்வரை போய்வரும் பூனை என்று அர்த்தம். அதனால் மூக்கிலோ காதிலோ பாதத்திலோ இரண்டு வாரமாக ஆறாத புண் என்றால் உடனே கையுறை மாட்டிக்கொள்வேன். ஸ்போரோடிரிகோசிஸ் என்ற பூஞ்சை நோய் மலேசியப் பூனைகளிடம் இருக்கிறது. பூனை கீறினால் ஆளுக்கும் வரும். இட்ராகோனசோல் மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும், புண் காய்ந்தபிறகும் நிறுத்தக் கூடாது. பூனையைக் கொண்டு வந்தவர்களிடம், "உங்க கையைக் காட்டுங்க" என்றும் கேட்பேன். சிலர் கோபித்துக்கொள்வார்கள்.

ஆயாவின் பூனைக்கு அன்று பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. துண்டில் பாய் மாதிரி சுருட்டி, தலையை மட்டும் வெளியே விட்டு, பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துத் தைலம் போகக் கழுவினோம். முன்னங்கால்களையும் விடவில்லை. இரண்டு மணி நேரம் வைத்துப் பார்த்தோம். எச்சில் நின்றது. கடைசியில் உப்புத் தண்ணீர். டாக்டர் கட்டுகூடப் போடவில்லை.

அதுவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆயா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியாகக் கைப்பையைத் திறந்து அந்தச் சின்ன பாட்டிலை வெளியே எடுத்தார்.

"அப்போ இது எனக்கு மட்டும்தான்."

உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு நெற்றிப்பொட்டில் தேய்த்துக்கொண்டார். கூடைக்குள் பூனை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"வீட்டுக்குப் போனதும் கையைக் கழுவிட்டுத் தூக்குங்க ஆயா" என்றேன்.