ரப்பர் விளைக்கு அடியில காடா, புல்லா? குமரியில மண்ணு தோண்டின அனுபவம்

ஆராய்ச்சிக்குச் சேர்ந்தப்ப கைட் கொடுத்த தலைப்பு இதுதான், மண்ணுல இருக்க கார்பனை வச்சு ஒரு இடத்துல முன்ன காலத்துல மரம் நின்னுதா புல்லு நின்னுதான்னு பார்க்கணும். சொந்த ஊரு கன்னியாகுமரி மாவட்டம்ங்கறதால இங்கயே பண்ணிரலாம்னு நானும் தலையாட்டிட்டேன். இதே மாதிரி வேலையில இறங்கப் போற ரெண்டு மூணு பிள்ளைங்க கேட்டதால எழுதறேன், கொஞ்சம் நீளும்.

அடிப்படை இவ்வளவுதான். கார்பன்ல 12, 13னு எடை வேற வேறயா ரெண்டு வகை உண்டு, 13 நூத்துக்கு ஒண்ணு பக்கம்தான் இருக்கும். செடிங்க ஒளிச்சேர்க்கை பண்ற விதத்தை வச்சு சி3, சி4னு ரெண்டு வகையா பிரிக்கலாம். மரங்க, நெல்லு, வாழை, தென்னை எல்லாம் சி3 வகை, காத்துல இருந்து கார்பனை எடுக்கும்போது 13ஐ நிறையவே ஒதுக்கிரும். வெக்கை நாட்டுப் புல்லுங்கள்ல முக்கால்வாசி, சோளம், கம்பு, கரும்பு எல்லாம் சி4, அவ்வளவா ஒதுக்காது. ஒரு பொது அளவுகோலை விட 13 எவ்வளவு குறைவுன்னு பெர்மில் (ஆயிரத்துல ஒரு பங்கு) கணக்குல மெஷின் சொல்லும், சி3 மைனஸ் 27 பெர்மில் பக்கமா வரும், சி4 மைனஸ் 12, 13னு வரும். இலையும் வேரும் மக்கி மண்ணோட சேர்ந்தாலும் இந்த நம்பர் ரொம்ப மாறாதுங்கறதுதான் மொத்த வேலைக்கும் ஆதாரம். நீலகிரியில சதுப்பு நிலத்து பீட் மண்ணுல (செடி அரைகுறையா மக்கி சேர்ந்த மண்ணு) இதைப் பார்த்து 1993ல நேச்சர் அறிவியல் இதழ்ல ஒரு பேப்பர் வந்துச்சு, சுமார் 20,000 வருஷம் முன்ன பனியுகம் உச்சத்துல இருந்தப்ப அங்க சி4 புல்லு ஓங்கி நின்னுருக்கு, பிறகு மழை கூடினப்ப சி3 பக்கம் திரும்பியிருக்கு. அதைப் படிச்சவங்க எல்லாருக்கும் நம்ம ஊர்லயும் இப்படி ஒரு கிராஃப் வரும்னு ஆசை வரும், எனக்கும் வந்துச்சு. ஆனா பீட்டு தண்ணியில ஊறி அடுக்கடுக்கா படியுறது, நம்ம செம்மண்ணு அப்படி இல்ல, மேல இருக்கறது கீழ போவும், கீழ இருக்கறது கறையான் வாயில மேல வரும்.

சரி, எங்க தோண்ட? கோதையாறு மேல முத்துக்குழிவயல் பக்கம் புல்வெளியும் சோலைக்காடும் பக்கத்துல பக்கத்துல கிடக்கு, அதுதான் சரியான இடம், ஆனா அது ரிசர்வ் காடு, வனத்துறை அனுமதிக்கு எழுதிப் போட்டுட்டு சும்மா உட்கார்ந்திருக்க முடியாதுன்னு கீழ தனியார் நிலம் தேட ஆரம்பிச்சேன். இந்த வேலையிலயே கஷ்டமான பகுதி இதுதான்னு சொல்லுவேன். குலசேகரம், அருமனை பக்கம் போனா ரப்பருக்காக மலைச்சரிவை தட்டு தட்டா வெட்டியிருக்காங்க, ரப்பர் முறிச்ச இடத்துல ஜேசிபி போயிருக்கு, ஜேசிபி போவாத இடத்துல மரச்சீனிக்கு (மரவள்ளிக்கு) மண்ணைக் கிளறி கூட்டியிருக்காங்க, அதுவும் இல்லன்னா தென்னங்குழி. ஒரு தடவை புரட்டின மண்ணுல ஆழத்துக்கு அர்த்தமே கிடையாது. கடைசியில ஒரு குடும்பக் காவுக்கு (சாமிக்குன்னு விட்ட சின்னக் காடு) வெளிய, சாமி எல்லைக்கு அங்கிட்டு, யாரும் கை வைக்காம விட்ட ஒரு ஓரம் கிடைச்சுது, அந்த வீட்டு பெரியவரு எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தந்தாரு. கிழக்க தோவாளை பக்கம் காஞ்ச நிலத்துல ரெண்டாவது குழி. மேற்க மழை ஜாஸ்தி, கிழக்க ஆரல்வாய்மொழி கணவாய் காத்துல எல்லாம் காஞ்சு போவும், ரெண்டையும் ஒப்பிட்டா நல்லதுன்னு கைட் சொன்னாரு.

ஊர்க்காரங்க கேள்விக்கு தயாரா போங்க. இங்க செம்மண் கடத்தல், குவாரி, தாதுமணல்னு ஏற்கனவே எல்லாரும் கடுப்புல இருக்காங்க. குழியும் மூட்டையும் பார்த்ததும் ஒரு பாட்டா வந்து, "மக்ளே, எதுக்குத் தோண்டுதிய? அளவெடுத்துட்டு போயி பொறவு லாரி கொண்டாருவியளா?"ன்னு கேட்டாரு. இல்ல பாட்டா, பழைய காலத்துல இங்க என்ன மரம் நின்னுதுன்னு பார்க்கோம்னேன். "அத என்கிட்ட கேட்டா போராதா, எங்கப்பா காலத்துல இது முழுக்க காடுல்லா"ன்னாரு. நியாயமான பேச்சு, நாங்க கேக்கற காலம் அவரு அப்பாவுக்கும் பல ஆயிரம் வருஷம் முன்னன்னு சொல்லி, சாயா வாங்கிக் கொடுத்தப்புறம்தான் சமாதானம் ஆனாரு.

தோண்டறதுக்கு ஜனவரியில இருந்து மார்ச் வரைதான் நல்ல நேரம். நமக்கு தென்மேற்கும் உண்டு வடகிழக்கும் உண்டு, மழையில குழி இடியும், மண்ணைக் காய வைக்கவும் முடியாது. குழி ஆளு இறங்கற அளவு வெட்டி, ஒரு பக்கச் சுவரை கரண்டியால சீவி சுத்தம் பண்ணிட்டு, அடியில இருந்து மேல நோக்கி சாம்பிள் எடுக்கணும், மேல இருந்து எடுத்தா உதிர்ற மண்ணு கீழ விழுந்து எல்லாத்தையும் கெடுத்துரும். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கவர். நிழல்ல காய வச்சு 2 மில்லிமீட்டர் சல்லடையில சலிச்சு, அப்புறம் ஃபோர்செப்ஸ் எடுத்து சின்னச் சின்ன வேரைப் பொறுக்கணும், கண்ணு பூத்துரும், ஆனா இதுல சோம்பல் பட்டா இன்னிக்கு நிக்கற செடியோட கார்பன் ஆழத்து மண்ணோட கணக்குல ஏறிரும்.

அடுத்து ஆசிட். மேற்குப் பக்க மண்ணுல ஹைட்ரோகுளோரிக் ஆசிட் விட்டா ஒண்ணும் நடக்கல, தோவாளை மண்ணுல சுக்கான் கல்லு பொடிப்பொடியா இருக்கவே நுரைச்சுகிட்டு வந்துச்சு. அந்த சுண்ணாம்புல இருக்க கார்பன் செடி கார்பனை விட கனமானது, அதைப் போக்காம அளந்தா புல்லே இல்லாத இடத்துல புல்லு இருந்ததா காட்டும். நுரை நிக்கற வரைக்கும் ஆசிட், பிறகு தண்ணியில கழுவு, திரும்ப கழுவு. காய்ஞ்சதை அரைச்சு டின் கேப்சூல்ல எடை போட்டு வெளியூர் லேப்புக்கு அனுப்பினேன், ஆழத்து மண்ணுல கார்பன் கம்மிங்கறதால அதை கூடுதலா போடணும். ரிசல்ட் வர ரொம்ப நாள் ஆச்சு, அதைப் பத்தி பேசி என்ன ஆவப் போவுது.

காவு ஓரத்துக் குழியில மேல மைனஸ் 27 சொச்சம், ஒரு மீட்டருக்குக் கீழ மைனஸ் 25 சொச்சம். பார்த்ததும் அடியில கொஞ்சம் புல்லு இருந்திருக்குன்னு எழுதத் தோணும். அங்கதான் நிதானம் வேணும். மண்ணு மக்கும்போதே ஆழத்துல 13 கொஞ்சம் கூடும், அதுபோக நிலக்கரி, பெட்ரோல் எரிச்சதால காத்துல 13 பங்கு குறைஞ்சு, இப்பத்த இலைங்க பழைய இலைய விட ஒண்ணரை, ரெண்டு பெர்மில் பக்கம் லேசா இருக்கு. ரெண்டும் சேர்ந்தா மூணு பெர்மில் வரைக்கும் செடி மாறாமலே வித்தியாசம் வரலாம். அதுக்கு மேல போனாத்தான் செடி மாறுச்சுன்னு பேசவே ஆரம்பிக்கலாம். ஆக என் குழி சொன்னது, சி3 தான், பெரிய மாற்றம் இல்ல. தோவாளைக் குழியில மேல் மண்ணே மைனஸ் 20 பக்கம், அதாவது கிட்டத்தட்ட பாதி புல்லு, ஆனா அங்க பனையும் முள்ளும் புல்லும் இப்பவே கலந்துதான் நிக்குது.

அதைவிட பெரிய சிக்கல் ஒண்ணு உண்டு. காட்டு மரம் சி3. ரப்பர் சி3. மரச்சீனி, வாழை, தென்னை, நெல்லு எல்லாமே சி3. குமரியில மேற்குப் பக்கம் நடந்த மிகப் பெரிய மாற்றமே காடு போயி ரப்பர் வந்ததுதான், அது இந்த மெஷின் கண்ணுக்குத் தெரியவே தெரியாது! இதை யாரும் முன்னாடியே அழுத்தி சொல்லல, நானா பேப்பர்ல பென்சில் வச்சு எழுதினப்பதான் உறைச்சுது. அதனால இப்ப ஃபைட்டோலித் பக்கம் போயிருக்கேன், செடி உறிஞ்சின சிலிக்கா செல்லுக்குள்ள கல்லாயி நிக்கறது, செடி மக்கினாலும் அது மண்ணுல கிடக்கும். பனைக் குடும்பத்துது முள்ளு வச்ச உருண்டையா இருக்கும், வாழை இலையோடது எரிமலை வாய் மாதிரி, புல்லுல வகைக்கு ஒரு வடிவம். மகரந்தம் நம்ம காத்தோட்டமான செம்மண்ணுல சீக்கிரம் அழிஞ்சிரும், இது நிக்கும். ரப்பரை இதுல பிடிக்க முடியுமான்னு கேட்டா எனக்கு பெருசா நம்பிக்கை இல்ல, ஆனா தென்னை, வாழை எந்த ஆழம் வரைக்கும் வருதுன்னு தெரிஞ்சாலே மனுஷன் கை எதுவரைக்கும் பட்டுருக்குன்னு பிடிச்சிரலாம்.

வயசு விஷயம் தனி. மண்ணையே ரேடியோகார்பன் டேட்டிங் பண்ணா புது வேரோட கார்பனும் கலந்து வயசு குறைச்சுக் காட்டும், அதனால கரித்துண்டு கிடைச்சா விடாதீங்க. காவு குழியில அடி மட்டத்துல சின்னதா கொஞ்சம் கிடைச்சுது, ஃபாயில்ல சுத்தி வச்சிருக்கேன், டேட்டிங்குக்கு காசு கேட்டு எழுதியிருக்கேன். முத்துக்குழிவயலுக்கு அனுமதி வந்தா அடுத்த ஜனவரியில அங்க, சோலை ஓரத்துல புல்வெளிப் பக்கம் ஒண்ணு, மரத்துக்கு அடியில ஒண்ணு.